பல்கலைக்கழகத்தை மலைநாட்டுக்கு அழைத்து வந்த பத்திரிகை அதிபர்

கண்டி நகரில் பஸ் ஏறினால் நாலு மைல் தூரத்தில் பேராதனை. கலஹா சந்தியில் இறங்கி உள்ளே நடந்தால் ஒருபுறம் ஹந்தானை மலை, மறுபுறம் மகாவலி கங்கை. எமது சங்கத்து அங்கத்தவர்களுள் கணிசமானோர் அந்தப் பாதையால் நடந்து பட்டம் பெற்றவர்கள். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விரிவுரைக்குப் போய், மாலையில் வீடு திரும்பியவர்களும் எம்மில் உண்டு. ‘கெம்பஸ்’ என்று நாம் இலகுவாகச் சொல்லும் அந்த இடம் கண்டிக்குப் பக்கத்தில் அமைந்தது தானாக நடந்த காரியம் என்றே எம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம்.

அது தானாக நடக்கவில்லை. இலங்கையின் பல்கலைக்கழகம் கொழும்பில் அமைய வேண்டும் என்றே முதலில் திட்டமிட்டார்கள். அதை மலைநாட்டுக்குத் திருப்பும் முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் அரசியல்வாதியல்லர்; பேராசிரியருமல்லர். அவர் ஒரு வணிகர், பத்திரிகை அதிபர். டி. ஆர். விஜேவர்தன என்பது அவர் பெயர். எமது கல்லூரியின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. எமது பரிசளிப்பு விழாக்களில் அவர் மேடையேறியதாகவும் நாம் அறியோம். ஆயினும் எமது சங்கம் தோன்றிய அந்த 1920களிலே கண்டியைச் சுற்றி நடந்த பெரிய வாதத்தின் நடுவில் நின்றவர் அவர். அவ்வாதத்தின் பயனை அனுபவித்தவர்கள் நாம். நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூருவது எமது கடமை எனக் கருதுகின்றோம்.

டொன் ரிச்சர்ட் விஜேவர்தன 1886ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி, களனி கங்கைக் கரையிலுள்ள சேதவத்தையில் பிறந்தார். தந்தையார் முகாந்திரம் டொன் பிலிப் விஜேவர்தன, மரவியாபாரத்தாற் செல்வம் ஈட்டியவர். தாயார் ஹெலேனா விஜேவர்தன. களனி ரஜமகா விகாரையைத் தம் செல்வத்தாற் புதுப்பித்து, சோலியஸ் மென்டிஸ் என்னும் ஓவியரைக் கொண்டு அதன் சுவர்களில் இன்றும் நாம் கண்டு வியக்கும் ஓவியங்கள் தோன்றக் காரணமாயிருந்தவர் அந்த அம்மையார். ஒரு பெரிய காரியத்தை எடுத்தால் ஆண்டுக்கணக்கில் விடாது செய்து முடிப்பது மகனுக்குத் தாய்வழி வந்த குணம் என்று சொன்னால் மிகையாகாது.

அக்காலத்தில் முகத்துவாரத்தில் இருந்த பரிசுத்த தோமையர் கல்லூரியிற் பயின்ற விஜேவர்தன, பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீற்றர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்ந்தார். இனர் டெம்பிளில் சட்டம் பயின்று பரிஸ்டரானார். கேம்பிரிட்ஜில் மாணவர்கள் கல்லூரிக்குள்ளேயே தங்குவார்கள். ஆசிரியர்களுடன் ஒரே மண்டபத்தில் உணவருந்துவார்கள். பாடம் விரிவுரை மண்டபத்தோடு முடிவதில்லை. இந்த வாழ்க்கை அவர் மனத்திலே ஆழப் பதிந்தது. இலண்டனில் இந்திய தேசிய இயக்கத்தினரின் கருத்துகளும் அவரைக் கவர்ந்தன. அடிமைப்பட்ட நாடொன்றுக்குச் சுயாட்சி வேண்டுமானால் முதலில் அந்நாட்டுக்குச் சொந்தக் குரல் வேண்டும் என்ற எண்ணத்துடன் 1912இல் அவர் தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் நீதிமன்றத் தொழிலில் அதிக காலம் நிலைக்கவில்லை. இலங்கைத் தேசிய சங்கத்தின் செயலாளராகப் பணிபுரிந்தார். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த சேர். பொன்னம்பலம் அருணாசலத்தை அரசியல் மேடைக்கு அழைத்து வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் நாட்டின் அரசியல் தேவைகள் பற்றி அருணாசலம் ஆற்றிய உரையும், 1919 டிசம்பரில் அவரைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்ததும் எமது வரலாற்றுப் பாடநூல்களில் உள்ளவை. இதே அருணாசலம்தான் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடக்கி, எமக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முதலிற் குரலெழுப்பியவர்களுள் முதன்மையானவர். பெரியவர் விதைத்த எண்ணத்தை இளையவர் பின்னர் தம் வழியில் வளர்த்தார்.

அவருடைய வழி அச்சகத்தின் வழி. 1914இல், எச். எஸ். பெரேரா தொடக்கி நடத்திய ‘தினமின’ என்னும் சிங்களப் பத்திரிகையை விஜேவர்தன வாங்கினார். சேர். பொன். இராமநாதன் முதலியோரின் முயற்சியிற் பிறந்து நட்டத்தில் வீழ்ந்த ‘த சிலோனீஸ்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் அச்சு இயந்திரங்களை அடுத்து வாங்கினார். 1918ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி ‘சிலோன் டெயிலி நியூஸ்’ வெளிவந்தது.

அன்றைய நிலையில் இது துணிகரமான முதலீடு. பத்திரிகை விற்பனையால் மட்டும் பிழைப்பதில்லை, விளம்பரம் வேண்டும். பெரிய வணிகமெல்லாம் ஐரோப்பியக் கம்பனிகளின் கையில் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளும் பெரும்பாலும் அவர்களுடையவையே. சுதேசிகள் தொடங்கிய பத்திரிகைகள் சில ஆண்டுகளிற் கடனில் மூழ்குவது வழக்கமாயிருந்தது. விஜேவர்தன கொள்கையை ஒரு கையிலும் கணக்குப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டார். நல்ல இயந்திரம், நேரந்தவறாத விநியோகம், படித்த ஆசிரியர் குழு என்னும் மூன்றிலும் அவர் சிக்கனம் பார்க்கவில்லை.

1923இல், 1834 முதல் வெளிவந்துகொண்டிருந்ததும் நெடுங்காலம் தோட்டத்துரைமாரின் குரலாய் ஒலித்ததுமான ‘ஒப்சேவர்’ பத்திரிகை அவர் வசமாயிற்று. கொழும்பு பேரை வாவிக் கரையில் எழுந்த மாளிகையால் அந்நிறுவனத்துக்கு லேக் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்தது. தமிழர் அதை ஏரிக்கரை நிறுவனம் என்றனர். 1930இல் ‘சிலுமின’ என்னும் சிங்கள வாரப்பத்திரிகையும், 1932ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி ‘தினகரன்’ என்னும் தமிழ் நாளிதழும் அங்கிருந்து வெளிவந்தன. மூன்று மொழிகளிலும் நாளிதழ் நடத்தியமை வணிகக் கணக்கும்தான். ஆனால் அதனால் யாழ்ப்பாணத்து ஆசிரியரும், மட்டக்களப்புப் போடியாரும், கண்டித் தெருவிற் கடை வைத்திருந்த முதலாளியும் ஒரே நாட்டின் செய்தியைத் தத்தம் வீட்டுத் திண்ணையில் இருந்து தமிழில் வாசித்தார்கள்.

இவ்வளவு பெரிய நிறுவனத்தை ஆண்டவர் கூச்ச சுபாவமுள்ளவர் என்பது வியப்பானது. மேடைப் பேச்சை அவர் விரும்பவில்லை. சட்டசபைக்குப் போட்டியிடவில்லை. தாமே கட்டுரை எழுதிப் பெயர் தேடவுமில்லை. வேலையிற் கண்டிப்பானவர் என்றும், பிழை பொறுக்காதவர் என்றும் அவரிடம் தொழில் பழகியவர்கள் அறிவார்கள். அதே வேளை திறமையுள்ள இளைஞரை இனங்கண்டு பொறுப்பைக் கொடுப்பதில் அவர் தயங்கியதில்லை. எச். ஏ. ஜே. ஹுலுகல்லே, மார்ட்டின் விக்கிரமசிங்க போன்றோர் அந்த ஏரிக்கரையில் ஆசிரியர்களாக விளங்கியவர்கள். பின்னாளில் விஜேவர்தனவின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதியவரும் ஹுலுகல்லேயே.

இனிப் பல்கலைக்கழக விடயத்துக்கு வருவோம். 1921இல் கொழும்பு தர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. றொபேட் மார்ஸ் அதன் அதிபர். அது பட்டம் வழங்கும் அதிகாரமில்லாத கல்லூரி. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். வினாத்தாளும் கடல் கடந்து வர வேண்டும். பெறுபேறும் கடல் கடந்து வர வேண்டும். பெண்களும் அங்கே சேரலாம். ஆனால் கண்டியிலோ மாத்தளையிலோ நாவலப்பிட்டியிலோ வாழ்ந்த ஒரு பெண்பிள்ளை அங்கு படிப்பதானால் கொழும்பில் உறவினர் வீடு இருக்க வேண்டும்; இல்லையேல் விடுதிக்குப் பணம் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாகத் தகப்பனாருக்கு மனம் வர வேண்டும். எமது மூத்த தலைமுறையினருட் பலருக்குப் படிப்பு சீனியர் வகுப்போடு முடிந்தது புத்திக் குறைவினாலன்று.

அக்கல்லூரியை முழுமையான பல்கலைக்கழகமாக்கும் பேச்சு எழுந்தபோது, கொழும்பிலேயே கட்டிவிடலாம் என்பது பலருடைய எண்ணம். அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. மருத்துவக் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் கொழும்பில் இருந்தன. வழக்கறிஞர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் பகுதிநேரமாக விரிவுரை செய்ய வசதியுண்டு. கொழும்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வந்து படிக்கலாம், செலவு குறையும்.

விஜேவர்தன இதை ஏற்கவில்லை. பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலையன்று என்பது அவர் நிலைப்பாடு. வடக்கு, கிழக்கு, தெற்கு, மலைநாடு எனப் பல திசைகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஓரிடத்தில் ஒன்றாகத் தங்கிப் படிக்க வேண்டும். நகரத்தின் சத்தமும் புழுக்கமும் இல்லாத இடம் வேண்டும். எதிர்காலத்தில் விரிவடைய நிலம் வேண்டும். இவை எல்லாம் பொருந்திய இடமாக அவர் காட்டியது கண்டியை. குறிப்பாகத் தும்பறைப் பள்ளத்தாக்கை. ‘டெயிலி நியூஸ்’ இக்கருத்தைத் திரும்பத் திரும்ப எழுதியது. கொழும்புக் கட்சியாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இடத் தெரிவுப் போர் என்றே அவ்வாதம் பின்னர் பெயர் பெற்றது. 1920களின் பிற்பகுதியில் சட்டசபை கண்டியின் பக்கம் சாய்ந்தது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பாலும் ஒரு வணிகர் உயர்கல்விக்கு உழைத்துக்கொண்டிருந்தார். பர்மாவிலும் இலங்கையிலும் வங்கித்தொழில் நடத்திய ராஜா சேர். அண்ணாமலைச் செட்டியார், இருபது இலட்சம் ரூபா நன்கொடையுடன் 1929இல் சிதம்பரத்தில் விடுதி வசதியோடு கூடிய ஒரு பல்கலைக்கழகத்தையே உருவாக்கினார். மட்டக்களப்புத் தந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியரானார். செட்டியார் பொருளைக் கொடுத்தார்; விஜேவர்தனவோ பத்திரிகையின் பலத்தையும் தமது விடாமுயற்சியையும் கொடுத்தார். பணத்தால் வாங்க முடியாத பொதுசன ஆதரவைத் திரட்டுவதே இங்கு தேவைப்பட்டது.

வாதம் வென்றதும் கட்டடம் எழுந்துவிடவில்லை. கண்டியில் எந்தக் காணி என்ற கேள்வி மேலும் பல ஆண்டுகளைத் தின்றது. தும்பறை கைவிடப்பட்டது, வேறு காணிகள் ஆராயப்பட்டன. ஈற்றில் 1938இல் புதிய பேராதனைத் தோட்டம் தெரிவாயிற்று. பெயரைக் கவனியுங்கள்: அது ஒரு தோட்டக் காணி. இதனை நாம் மீண்டும் பேசுவோம்.

நகர அமைப்பு நிபுணர் சேர். பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வரைபடம் வகுத்தார்கள். அதற்குள் உலக யுத்தம் மூண்டது. 1942ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி சேர். ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உதயமானபோது, அது கொழும்பிலேயே இயங்கியது. 1944இல் பேராதனைப் பூந்தோட்டத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் வந்து அமர்ந்தது. பக்கத்தில் பல்கலைக்கழகம் கட்டும் வேலை யுத்தம் முடியும்வரை காத்திருந்தது. பின்னர் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸின் மேற்பார்வையில் மண்டபங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

1950ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி, தமது 64ஆவது வயதில் விஜேவர்தன காலமானார். பெருந்தொகையான மாணவர்கள் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது 1952இல். எலிசபெத் மகாராணியார் வந்திருந்தபோது, எடின்பரோ கோமகன் அதை முறைப்படி திறந்து வைத்தது 1954 ஏப்ரலில். கால் நூற்றாண்டு காலம் எந்தக் காட்சிக்காக வாதாடினாரோ அந்தக் காட்சியைக் காண அவர் இருக்கவில்லை.

அவர் காணாததை நாம் கண்டோம். ஹில்டா ஒபேசேகர மண்டபத்திலும் சங்கமித்தா மண்டபத்திலும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் காலிப் பெண்ணும் அக்குறணைப் பெண்ணும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள். திறந்தவெளி அரங்கில் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ 1961இல் மேடையேறியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் அண்ணாவிமாரையும் பல்கலைக்கழக மாணவரையும் ஒன்றுசேர்த்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளுக்குப் புதுவாழ்வு கொடுத்தார். பேராதனையிற் பட்டம் பெற்ற க. கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராகி, இலங்கைத் தமிழ் எழுத்துக்கு அங்கே களம் அமைத்து, மீண்டும் பல்கலைக்கழகத்துக்கே சென்றார். விஜேவர்தன பாடுபட்ட இரண்டு நிலையங்களும் ஒரே மனிதரிடத்திற் கைகோத்தன.

1960இல் சிங்களமும் தமிழும் பல்கலைக்கழகத்தில் போதனா மொழிகளாக நுழைந்ததும், ஆங்கிலம் தெரிந்த சில குடும்பங்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு அகன்றது. 1962இல் மருத்துவ பீடமும் பேராதனைக்கு வந்தது. இன்று இலங்கைப் பல்கலைக்கழக மாணவருள் பெண்களே பெரும்பான்மையினர்.

ஒருவரை நினைவுகூரும்போது நல்லதை மட்டும் சொல்வது நன்றியாகாது. ஏரிக்கரை நிறுவனம் பத்திரிகைத் துறையில் ஏகபோகம் செலுத்துகிறது என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. 1973இல் அரசாங்கம் அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோது சொல்லப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. சுதந்திரத்தின்போது அவருடைய பத்திரிகைகள் டி. எஸ். சேனநாயக்கவின் பக்கம் நின்றன. அவ்வரசாங்கந்தான் 1948இல் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கியது.

இங்கேதான் அந்தத் தோட்டக் காணியை நாம் மீண்டும் நினைக்க வேண்டியுள்ளது. பல்கலைக்கழகம் எழுந்தது தோட்டத் தொழிலாளர் வியர்வை சிந்திய மண்ணில். சுற்றியுள்ள மலைகளிலும் அவர்களே கொழுந்து பறித்தார்கள். ஆனால் அவர்களுடைய பெண்பிள்ளைகள் அதே மண்ணில் மாணவிகளாக நடந்துவர இன்னும் பல தசாப்தங்கள் சென்றன. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு எட்டவில்லை. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. லயத்து வாசலில் நின்றால் பல்கலைக்கழகத்துக் கூரை தெரியும், போவதற்கோ வழியில்லை. இந்தக் குறை ஒரு மனிதருடையதன்று, ஒரு காலத்தினுடையது. ஆயினும் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர வேண்டும் என்று வாதாடிய பத்திரிகைகள், மிக அருகில் இருந்த பிள்ளைகளுக்காக அதே அளவு வாதாடவில்லை என்பதையும் பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

விஜேவர்தனவின் வாழ்விலிருந்து எமது சங்கம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இந்த இரண்டும் சேர்ந்ததே. உயர்கல்விக்கு உதவப் பெரும் பதவியும் மேடையும் தேவையில்லை. தம் கையில் உள்ள தொழிலை அதற்குப் பயன்படுத்தி, பலன் தம் காலத்திற் கிடைக்காவிட்டாலும் விடாது உழைத்தால் போதும் என்பதை அவர் காட்டினார். அதே வேளை, வாயிலை அருகே கட்டிவிட்டால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவதில்லை என்பதைப் பேராதனையின் வரலாறு எமக்குக் காட்டுகின்றது. அனுமதிக் கடிதம் கையில் இருந்தும், விடுதிப் பணத்துக்கும் புத்தகத்துக்கும் வழிதேடும் பெண்பிள்ளைகள் இன்றும் எமது கல்லூரியிலிருந்து வெளியேறுகிறார்கள். அவர்களிற் பலருக்கு வீட்டில் வழிகாட்ட முன்பு பல்கலைக்கழகம் சென்றவர் யாருமில்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் மூத்த சகோதரிகளாகிய நாம்.

அடுத்த முறை கலஹா சந்தியில் பஸ் நிற்கும்போது, உள்ளே போகும் பிள்ளைகளைச் சற்றுப் பார்ப்போம். இந்தப் பாதை இங்கே வந்ததற்கு ஒருவர் பாடுபட்டார். அதில் நடப்பதற்கு இன்னொரு பிள்ளைக்கு நாம் துணை நிற்போமானால், அவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.